வெள்ளைக் கோட்டும் கறுப்புக் கோட்டும்

மருத்துவச் சட்டத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். மனசு நிறைந்தது. நீ வெள்ளைக் கோட்டிலிருந்து வந்தாலும் கறுப்புக் கோட்டிலிருந்து வந்தாலும் எனக்கு ஒன்றுதான். நான் வக்கீலாகத் தொடங்கியவன். மருத்துவமனைக்காகவும் வாதாடியிருக்கிறேன், மருத்துவமனை மேல் வழக்குப் போட்டவர்களுக்காகவும் வாதாடியிருக்கிறேன். பிறகு இரு தரப்பாரும் ஒரே பெஞ்சில் உட்காரும் வகுப்புகளில் பாடம் சொல்லியே தலை நரைத்தது. சட்டப் பிரிவுகளை உன் ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள். அவர்களுக்கு நேரமில்லாமல் விட்டுப்போகக்கூடிய சிலவற்றை இங்கே எழுதுகிறேன். எண் போட்டிருப்பது நீ தேடி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். முதலில் இருப்பதே பெரிது என்று எடுத்துக்கொள்ளாதே.

1. எதற்காக வந்தாய் என்பதை முதலில் உனக்கே சொல்லிக்கொள். முதல் வகுப்பில் எல்லோரையும் நான் கேட்பது இதைத்தான். வழக்கு வந்தால் எப்படித் தப்பிப்பது என்று தெரிந்துகொள்ள டாக்டர்கள் வந்திருப்பார்கள். டாக்டரை எந்த இடத்தில் பிடிப்பது என்று தெரிந்துகொள்ள வக்கீல்கள் வந்திருப்பார்கள். அந்தப் பயமும் இந்த ஆசையும் ஊருக்குள் பரவியது 1995 நவம்பர் 13-க்குப் பிறகு. இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் அது. அதற்குமுன் நம் சென்னை உயர் நீதிமன்றம், நோயாளிக்கு மருத்துவர் அளிக்கும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சை, சேவைதான் என்றது. எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் இடத்துக்கு விலக்குக் கொடுத்தது. சிலரிடம் காசு வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடத்தில், இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் வழக்குப் போடலாம் என்றது. இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது உன் முகம் சுருங்குகிறதா மலர்கிறதா என்று கவனி. எந்தக் கட்சி கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய் என்று தெரிந்துவிடும். அந்தக் கட்சியை வாசலிலேயே விட்டுவிடு. தப்பிக்க வந்தவரும் பிடிக்க வந்தவரும் இரண்டாம் மாதத்திலேயே சலித்துப்போவதை வருஷந்தோறும் பார்த்திருக்கிறேன். அவர்கள் தேடிய வித்தை இந்தப் படிப்பில் இல்லை.

2. பட்டயம் கைக்கு வந்ததும் நீ இன்னொருவராக மாறிவிட்டதாக நினைக்காதே. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி தொலைநிலையில் நடத்தும் மருத்துவச் சட்டம், அறநெறி முதுநிலைப் பட்டயத்தை எத்தனையோ டாக்டர்கள் படித்திருக்கிறார்கள். நல்ல படிப்பு. ஆனால் அது கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடும் உரிமையைத் தராது. அதற்குச் சட்டப் பட்டமும் பார் கவுன்சில் பதிவும் வேண்டும். பட்டம் வாங்கினாலும் ஒரு முடிச்சு இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஹனிராஜ் சுலானி என்ற அறுவை மருத்துவர் சட்டமும் படித்துத் தேறி, மருத்துவத் தொழிலை விடாமலே வக்கீலாகவும் பதிவு செய்யக் கேட்டார். இரண்டு தொழிலுமே முழு நேரத்தையும் முழு மனத்தையும் கேட்பவை, ஒன்றை விட்டால்தான் மற்றது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. வக்கீலாக இருப்பவனுக்கும் இதே எச்சரிக்கைதான். நாலு மருந்தின் பெயரும் இரண்டு நோயின் பெயரும் தெரிந்ததும், கட்சிக்காரரிடம் 'உங்களுக்கு இந்த ஆபரேஷனே தேவையில்லை' என்று தீர்ப்புச் சொல்லும் ஜூனியர்களைப் பார்த்திருக்கிறேன். அரைகுறையாகத் தெரிந்ததை உரக்கச் சொல்லாத கூச்சம் உனக்கு வேண்டும்.

3. வக்கீலாக வருகிறாய் என்றால், கேஸ் ஷீட்டைப் பொறுமையாகப் படிக்கக் கற்றுக்கொள். டிஸ்சார்ஜ் சம்மரி என்பது எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து எழுதியது. நடந்தது நடந்தபடி இருப்பது உள்ளே: நர்ஸ் குறிப்பு, மருந்து கொடுத்த நேரம், மயக்க மருந்து விளக்கப்படம், டியூட்டி டாக்டர் நடுராத்திரியில் கிறுக்கிய இரண்டு வரி. நேரங்களை மட்டும் தனித்தாளில் வரிசையாக எழுதிப்பார். பாதி வழக்கு அந்தத் தாளிலேயே தெளியும். சில நாள் உன் கட்சிக்காரருக்கு வழக்கே இல்லை என்றும் தெளியும். அன்று அதை அவரிடம் சொல்ல வேண்டும். ஃபீஸை எண்ணி வாயை மூடிக்கொள்ளக் கூடாது. இன்னொன்றும் செய். ஏதாவது ஒரு பெரிய மருத்துவமனையில் முறைப்படி அனுமதி வாங்கி, விபத்துப் பிரிவின் ஓரத்தில் ஒரு ராத்திரி உட்கார். இளமையில் நானும் சாட்சிக் கூண்டில் நின்ற டாக்டரை 'ஆமா, இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்' என்று நெருக்கி, சபாஷ் வாங்கியவன்தான். அப்படி ஒரு ராத்திரி உட்கார்ந்தபின், ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில் நின்றுதான் அவர்கள் பெரும்பாலான முடிவுகளை எடுக்கிறார்கள் என்று புரிந்தது. அதன்பிறகு என் குறுக்கு விசாரணையின் சத்தம் குறைந்தது. கேள்விகள் கூர்மையாயின.

4. டாக்டராக வருகிறாய் என்றால், தீர்ப்பை முழுதாகப் படி. வாட்ஸ்அப்பில் வரும் நாலு வரியை நம்பி நடக்காதே. 2005-ல் வந்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்பைப் பற்றி நம் டாக்டர்களிடம் கேட்டால், 'போலீஸ் எங்களைக் கைது பண்ணக் கூடாது' என்பார்கள். தீர்ப்பு அவ்வளவு மொட்டையாகச் சொல்லவில்லை. லூதியானாவில் மூச்சுத் திணறிய ஒரு முதியவருக்கு வைத்த ஆக்சிஜன் உருளை காலியாக இருந்தது. அதில் கிளம்பியது வழக்கு. சாதாரணக் கவனக்குறைவுக்கு நஷ்டஈடு கேட்கலாம், குற்றவழக்கு என்றால் அலட்சியம் மிகப் பெரியதாக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். விசாரணை அதிகாரி முதலில் சார்பில்லாத ஒரு மருத்துவரின், கூடுமானவரை அரசு மருத்துவரின், கருத்தைப் பெற வேண்டும். வழக்கமாகச் செய்வதுபோல உடனே கைது செய்யக் கூடாது. தேவை இருந்தால் செய்யலாம். உருளை காலியாக இருந்ததற்கு மருத்துவமனை நஷ்டஈடு தர வேண்டி வரலாம் என்பதற்கும் அதே தீர்ப்பில் இடம் இருக்கிறது. அந்தப் பத்தியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை!

புதுக் குற்றச்சட்டம் வந்தபோதும் இப்படித்தான். டாக்டர்களுக்கு விலக்கு என்ற பேச்சு அடிபட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவை எடுத்துப் பார். அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை, சிகிச்சையின்போது நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை. பழைய 304ஏ பிரிவிலும் அதே இரண்டு ஆண்டுதான். எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கமும் வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புது நடத்தை விதிகளை வெளியிட்டு, அந்த மாதமே நிறுத்திவைத்தது. நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டு நகல் தர வேண்டும், மூன்று ஆண்டு அவற்றைக் காக்க வேண்டும் என்று சொல்லும் 2002 விதிகளையே திரும்ப எடுத்துப் படி. 'அதெல்லாம் மாறிப்போச்சு சார்' என்று கேன்டீனில் யாராவது சொன்னால், தலையாட்டிவிட்டு நூலகத்துக்குப் போ.

5. கையெழுத்தைச் சம்மதம் என்று நினைத்துவிடாதே. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் படிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சமீரா கோலி வழக்கைப் படிப்பாய், 2008 தீர்ப்பு. திருமணமாகாத நாற்பத்துநாலு வயதுப் பெண். உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குத்தான் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் கிடக்கும்போது, வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சிகிச்சை முறை தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, கண் விழித்ததும் அந்தப் பெண்ணிடமே கேட்டிருக்கலாம், அம்மாவின் கையெழுத்து அவருடைய சம்மதம் ஆகாது என்றது. டாக்டருக்குக் கட்டணம் கிடையாது என்றும் 25,000 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்றும் தீர்த்தது. தொகையைப் பார்த்து வகுப்பில் யாராவது சிரிப்பார்கள். நீ சிரிக்காதே.

எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதில் நாட்டுக்கு நாடு வழி வேறு. இங்கிலாந்தில் 1957-ன் போலம் வழக்கிலிருந்து, பொறுப்புள்ள மருத்துவர்கள் ஒரு சாரார் செய்வதுபோல் செய்தால் போதும் என்று இருந்தது. நம் நீதிமன்றம் 2008-ல் ஏறக்குறைய அந்த வழியிலேயே நின்றது. இங்கிலாந்தோ 2015-ல் மாண்ட்கோமரி வழக்கில் தடம் மாறியது. சர்க்கரை நோய் உள்ள, உருவத்தில் சிறிய ஒரு தாய். பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து நூற்றுக்கு ஒன்பது பத்து என்று தெரிந்தும் டாக்டர் சொல்லவில்லை. அந்தத் தாயின் இடத்தில் இருப்பவர் எதைப் பெரிதாக நினைப்பாரோ அதைச் சொல்லத்தான் வேண்டும் என்றது அங்கத்திய உச்ச நீதிமன்றம். இரண்டு வழிகளையும் பரீட்சைக்கு எழுதிவிடுவாய். அதற்கு மேல் நம் ஊர் நோயாளி இருக்கிறார். 'நீங்க பார்த்துச் செய்யுங்க டாக்டர், எனக்கு என்ன தெரியும்' என்பார். என்னிடம் படித்த ஓர் அறுவை மருத்துவர், மதுரைப் பக்கத்துக்காரர், அப்படிச் சொல்பவரிடம் படிவத்தை நீட்டமாட்டார். 'நான் சொன்னதை உங்க வீட்டுல போய் எப்படிச் சொல்லுவீங்க, எனக்கு ஒருதடவை சொல்லிக் காட்டுங்க' என்பார். அவர்கள் சொல்லிக் காட்டுவதில் பிழை இருந்தால் மறுபடி முதலிலிருந்து விளக்குவார். ஓ.பி.யில் கூட்டம் நெரியும். அவர் அசையமாட்டார். சம்மதத்தைப் பற்றி எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் படிக்காததை அவரிடம் படித்தேன்.

6. வகுப்பில் நர்ஸ் யாராவது இருந்தால் அவர் பக்கத்தில் இடம் பிடி. டாக்டரும் வக்கீலும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் பேசாமல் இருப்பார். கேட்டால்தான் பேசுவார். நீ கேள். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1973-ல் வார்டு ஊழியர் ஒருவரால் தாக்கப்பட்டு நினைவிழந்த நர்ஸ் அருணா ஷான்பாக்கின் வழக்கைப் படிக்கும்போது இது புரியும். உணவை நிறுத்திக் கருணையோடு போகவிட வேண்டும் என்று ஓர் எழுத்தாளர் கேட்டார். 2011-ல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அருணா சார்பாக முடிவு சொல்லும் நெருங்கியவர்கள், இத்தனை காலம் பார்த்துக்கொண்ட அந்த மருத்துவமனை ஊழியர்களே என்றது. நாற்பது ஆண்டுக்கு மேல் படுக்கையில் கிடந்தவர் உடலில் ஒரு படுக்கைப் புண் இல்லாமல் காத்தார்கள், 2015-ல் அவர் கண்மூடும் வரை. அந்த வழக்கிலிருந்துதான் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளும் சட்டம் இங்கே வேர்விட்டது. 2018-ல் காமன் காஸ் தீர்ப்பு முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்தை ஏற்றது, 2023-ல் உச்ச நீதிமன்றம் அதன் நடைமுறையை எளிதாக்கியது. தீர்ப்புகளில் நீதிபதிகள், டாக்டர்கள், வக்கீல்கள் பெயர் இருக்கும். புரட்டிப் படுக்கவைத்த கைகளின் பெயர் இருக்காது.

7. விளைவு மோசமானால் ஓடி ஒளியாதே. டாக்டருக்குச் சொல்கிறேன் இதை. என்னிடம் வழக்கோடு வந்தவர்கள் முதலில் சொன்னது எது தெரியுமா? 'அதுக்கப்புறம் டாக்டர் எங்களைப் பார்க்கவே வரலை சார்.' தவறான சிகிச்சை என்ற புகார் பிறகுதான் வரும். சிகிச்சை பலிக்காமல் போவது வேறு, அலட்சியம் வேறு. சட்டத்துக்கு அந்த வேறுபாடு தெரியும். அழுதுகொண்டிருக்கும் குடும்பத்துக்கு நீ போய் உட்கார்ந்து சொன்னால்தான் தெரியும். பில்லிங் கவுண்டர் ஆளை அனுப்பாதே.

8. அவசரம் என்றால் காகிதம் பின்னால் வரட்டும். இது எல்லோருக்கும் தெரியும் என்பார்கள், ராத்திரி பதினொரு மணிக்கு மறந்துபோவார்கள். அடிபட்டு வந்தவரை, போலீஸ் விசாரணைக்குரிய எம்.எல்.சி. கேஸ் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை, தூரத்து மருத்துவமனைக்குப் போ என்று திருப்பிவிட்டு, போகும் வழியில் உயிர் போன செய்தியிலிருந்து எழுந்தது பரமானந்த் கட்டாரா வழக்கு. 1989-ல் உச்ச நீதிமன்றம், அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் உயிரைக் காப்பதே முதல் கடமை, எந்தச் சட்டமும் போலீஸ் நடைமுறையும் குறுக்கே நிற்க முடியாது என்றது. வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியை இடமில்லை, வசதியில்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்ததற்கு, 1996-ல் மாநில அரசையே நஷ்டஈடு தரவைத்தது. போலீஸ் வரும், சாட்சிக்கு இழுப்பார்கள் என்ற பயத்தில் விபத்துப் பதிவேட்டில் எழுதாமல் விடும் இளம் டாக்டர்களுக்கு நான் சொல்வது: அந்தப் பதிவேட்டின் ஏ.ஆர். காப்பியில் நீ நேரத்தோடு எழுதும் இரண்டு வரிதான் பின்னாளில் அந்த ஏழையின் விபத்து நஷ்டஈட்டுக்கு ஆதாரம். கையெழுத்து புரிகிறமாதிரி எழுது, கண்ணு.

9. வாயைக் காத்துக்கொள். வகுப்பில் சுவையான கேஸ் சொல்ல நாக்கு துடிக்கும். பெயரை விட்டுவிட்டு ஊரைச் சொல்வாய், தெருவைச் சொல்வாய். கேட்பவரில் ஒருவருக்கு ஆள் தெரிந்துவிடும். சென்னையில் 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்தப் பரிசோதனையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டார்கள். அதன்பின் வந்த ஆண்டுகளில் அந்த நோயைவிட அதன் பெயர் வெளியே தெரிந்ததால் சிதைந்த குடும்பங்கள் உண்டு. சென்னை மருத்துவமனை ஒன்றில் ரத்த தானம் செய்யப்போய்த் தொற்று தெரியவந்து, அது வெளியாகித் திருமணம் நின்றுபோன ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1998 தீர்ப்பு மருத்துவமனை மேல் தவறில்லை என்றது. அதோடு, தொற்றுள்ளவருக்குத் திருமண உரிமையே இல்லை என்கிற அளவுக்குப் போய்விட்டது. அந்தப் பகுதி தேவையற்றது என்று 2002-ல் அதே நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2017-ல் தனிச் சட்டமே வந்து, சம்மதம் இல்லாமல் நிலையை வெளியிடுவதைத் தடுத்தது. நீதிமன்றமும் திருத்திக்கொண்டது, சட்டமும் வந்தது. ஆனால் அந்த மனிதர் தன் வழக்கின் தலைப்பில்கூட 'எக்ஸ்' என்ற எழுத்துக்குள்தான் ஒளிந்திருக்க வேண்டியிருந்தது.

10. உன் கருத்தை விற்காதே. டாக்டருக்கு எதிராக இன்னொரு டாக்டர் கூண்டேறமாட்டார் என்பது வக்கீல்களின் பழைய புலம்பல். அதில் உண்மை இருக்கிறது. காசு கொடுத்தால் எந்தப் பக்கமும் எழுதித்தரும் நிபுணரும் இருக்கிறார். நீ இரண்டில் ஒருவராகவும் ஆகிவிடாதே. உனக்குத் தெரிந்ததை மட்டும், தெரிந்த அளவுக்கு மட்டும் எழுது. நஷ்டஈட்டைக் கணக்கிடும்போதும் நிதானம் வேண்டும். அனுராதா சாஹா மருத்துவ அலட்சியத்தால் 1998-ல் இறந்தார். டாக்டரான அவர் கணவர் விடாமல் நடத்திய வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 6 கோடி ரூபாய் வழங்கியது. அமெரிக்காவில் உளவியல் படித்துப் பணிபுரிந்தவர் என்பதால் வருமான இழப்பு பெரிதாகக் கணக்கானது. அதே அலட்சியத்தில் உசிலம்பட்டியில் ஒரு கூலிக்காரப் பெண் இறந்தால் கணக்கு எங்கே நிற்கும் என்று நினைத்துப் பார். சட்டம் சமத்துவம் பேசும் இடத்தில்கூடச் சம்பளச் சீட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. இது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. உனக்கும் உறுத்தட்டும்.

11. கோர்ட்டுக்கு வரவே முடியாதவர்களை நினைத்துக்கொண்டு படி. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ஒரு கீற்றுக் கொட்டகை எரிந்தது. உள்ளே இருந்த மனநோயாளிகள் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் போனார்கள். அன்று சட்டம் இல்லாமல் இல்லை. மனநலச் சட்டம் 1987-லேயே இயற்றப்பட்டது. ஏட்டில் இருந்த சட்டத்துக்கும் அந்தக் கொட்டகைக்கும் நடுவில் யாரும் நடந்து போகவில்லை, அவ்வளவுதான். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தனக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் வழி செய்கிறது. பரீட்சைக்குப் பிரிவு எண் கேட்பார்கள், எழுதிவிடு. லீவு கிடைக்கும்போது உன் மாவட்டத்தில் இருக்கும் மனநலக் காப்பகம் ஒன்றுக்கு அனுமதியோடு போய், அங்கே இருப்பவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஓர் உரிமை இருப்பது தெரியும் என்று கேட்டுப் பார். எண்பது பக்க விரிவுரைக்குள் வராதது அங்கே வரும்.

12. ஆய்வேட்டுக்குச் சின்னத் தலைப்பாக எடு. 'இந்தியாவில் மருத்துவ அலட்சியம்: ஒரு பார்வை' என்று வந்தால் உன் வழிகாட்டி கும்பிட்டு அனுமதி தந்துவிடுவார். நான் தரமாட்டேன். உன் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் தீர்ப்புகளை எடு. உன் ஊர் மருத்துவமனைகளின் சம்மதப் படிவங்களைச் சேகரித்து, அந்தத் தமிழ் யாருக்காவது புரிகிறதா என்று பார். அல்லது அரசாணைகளைப் படி. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று சொல்லும் நிலையில் சென்னையின் ஏழைகள் சிறுநீரகத்தை விற்றுக்கொண்டிருந்த காலம் அது. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பைப் பெறலாம் என்று அதே சட்டம் சொன்னது. ஆனால் யார் சான்று தருவது, யார் பெயர் பட்டியலில் முதலில், எந்த மருத்துவமனைக்கு எது என்பதையெல்லாம் ஒழுங்கு செய்த அரசாணைகள் தமிழ்நாட்டில் 2008-ல்தான் வரிசையாக வந்தன. அதே ஆண்டு திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். மாநிலம் முழுக்க வீட்டுத் திண்ணைகளில் அதைப் பற்றியே பேச்சு. சட்டம், அரசாணை, ஒரு குடும்பத்தின் மனசு, மூன்றும் கூடியபின்தான் காரியம் நடந்தது. இப்படி ஒன்றைக் குடைந்து எழுது. பக்கம் குறைந்தாலும் பரவாயில்லை.

13. படிப்பு முடியும்வரை காத்திருக்காதே. 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், மனநலக் காப்பகங்களில் இருப்பவர்கள் போன்றவர்களுக்கு வழக்கு நடத்த இலவச உதவி உண்டு. பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்றுகூடக் கேட்பதில்லை. ஆனால் மருத்துவமனை தொடர்பான வழக்கு வந்தால், கேஸ் ஷீட்டைப் படித்துச் சொல்ல ஆள் கிடைக்காமல் மாவட்ட ஆணைக்குழுவில் திண்டாடுகிறார்கள். நீ வக்கீல் என்றால் குழு வழக்கறிஞராகச் சேர விண்ணப்பி. டாக்டரோ நர்ஸோ என்றால் சட்டத் தன்னார்வலராகச் சேரலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு யாராவது கூப்பிடும்வரை நிற்காமல், இந்த வாரமே போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு எனக்கு எழுது.